ஆயிரம் பக்கப் புத்தகம் எதற்கு? விவேக் எக்ஸ்பிரஸ் ஏறப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

கன்னியாகுமரியில் ஏறி அசாமின் திப்ருகரில் இறங்குவது என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்த செய்தி எனக்கும் வந்தது. ஓய்வுபெற்றதும் காசிக்குக் கிளம்புகிறவர்கள் நடுவே, வண்டியில் உட்கார்ந்திருப்பதையே யாத்திரையாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு கும்பிடு. கூடவே வந்த இன்னொரு செய்திதான் இந்த மடலை எழுத வைத்தது. ஆயிரத்துச் சொச்சம் பக்கமுள்ள ஆங்கில இந்திய வழிகாட்டி ஒன்றை, அதுவும் ஆளுக்கொரு பிரதியாக, பொதுப் பணத்தில் வாங்கப்போகிறீர்களாம். கொஞ்சம் பொறுங்கள். நூலகத்தில் பயண நூல் அலமாரியைப் பார்த்துக்கொண்டவன் என்ற உரிமையில் தடுக்கிறேன். நீண்ட ரயில் பயணத்துக்கு எந்தக் கைடு வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குண்டுப் புத்தகத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ‘லோன்லி பிளானட்’ நிறுவனத்தின் இந்தியா வழிகாட்டி 1981இல் முதன்முதலாக வந்தது. முதுகில் பையோடு வந்த ஒரு தலைமுறை வெள்ளைக்காரர்களுக்கு அதுதான் வேதம். நல்ல உழைப்பு, நல்ல வரைபடங்கள். ஆனால் அது ஊர் ஊராகப் பிரித்து எழுதப்பட்டது. ஓர் ஊரில் இறங்கிய ஆளுக்கு எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, என்ன பார்ப்பது, அடுத்த ஊருக்கு எப்படிப் போவது என்று சொல்லும். அதைப் பொறுத்தவரை ரயில் என்பது ‘எப்படிப் போவது’ என்ற தலைப்பின் கீழ் வரும் இரண்டு வரி. உங்கள் பயணமோ முழுக்க முழுக்க அந்த இரண்டு வரிக்குள்ளேயே நடக்கப்போகிறது.

4,100 கிலோமீட்டருக்கும் மேல் தூரம், ஒன்பது மாநிலங்கள், வண்டியிலேயே மூன்று இரவு. விஜயவாடாவுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் நடுவே ஜன்னலுக்கு வெளியே பார்த்து, “இது என்ன ஆறு சார்?” என்று ஒருவர் கேட்டால், அந்த ஆயிரம் பக்கத்தில் பதில் தேடுவதற்குள் ஆறு போய்விடும். புத்தகம் மாநில வரிசையில் இருக்கும். வண்டியோ கேரளத்துக்குள் நுழைந்து, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து, ஆந்திரம், ஒடிசா, வங்காளம் என்று தன் போக்கில் போகும். ஆக, ரயில் பயணத்துக்கு நல்ல கைடு எது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: தண்டவாளத்தின் வரிசையில் எழுதப்பட்ட புத்தகம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இது ஒன்றும் புதுமையான எண்ணம் இல்லை. 1859இல் லண்டனில் ஜான் மர்ரி வெளியிட்ட இந்தியக் கையேட்டின் முதல் பகுதிகள் சென்னை மாகாணத்துக்கும் பம்பாய் மாகாணத்துக்குமானவை. அவை வழித்தடம் வழித்தடமாகவே எழுதப்பட்டன. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு, இடையில் வருவன இவை என்பதுதான் அமைப்பு. தமிழிலேயே வேண்டுமானால், சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ இருக்கிறது. 1971இல் வந்தது. அது கைடு இல்லைதான். ஆனால் ஆற்றின் வழியைப் பிடித்துக்கொண்டு போகும் புத்தகம் எப்படி வாசகனைக் கூடவே கூட்டிப்போகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என் மனசுக்கு நெருக்கமானது, பழைய தென்னிந்திய ரயில்வே கம்பெனி வெளியிட்ட படங்களோடு கூடிய வழிகாட்டி. 1900 முதல் பல பதிப்புகள் கண்டது. எங்காவது மறுபதிப்பு கிடைத்தால் ஒரு மணி நேரம் புரட்டிப் பாருங்கள். சின்ன ஸ்டேஷனையும் விடமாட்டார்கள். ஊர்ப் பெயர், தூரம், அந்த ஊரில் சத்திரம் உண்டா, பயணியர் பங்களா உண்டா, ஸ்டேஷன் வாசலில் மாட்டு வண்டி கிடைக்குமா ஜட்கா கிடைக்குமா, என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், சந்தை என்றைக்கு, திருவிழா எந்த மாதம். துரைமார்களுக்காக எழுதியதால் வேட்டையில் சுட என்ன கிடைக்கும் என்பதற்கும் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். அந்தத் திமிரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அடுத்து என்ன வரும் என்று சொல்வதே தன் வேலை என்பது அந்தப் புத்தகத்துக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் பயணத்துக்கு அது நேரடியாக உதவாது என்பது வேறு விஷயம். நீங்கள் ஏறப்போகும் ஸ்டேஷனே அதில் கிடையாது. கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979இல்தானே. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டோ, பாடம் எடுக்கத் தொடங்கியோ இருந்திருப்பீர்கள்.

இந்த வகைப் புத்தகத்தின் உச்சம் இப்போது ரஷ்யாவின் சைபீரிய ரயில் பாதைக்குத்தான் இருக்கிறது. மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டாக் 9,289 கிலோமீட்டர். அந்தப் பாதைக்கு பிரின் தாமஸ் எழுதிய கையேடு 1988இல் முதலில் வந்து, அதன்பின் பல பதிப்புகள் கண்டது. அதில் தண்டவாளத்தோரம் நடப்பட்ட கிலோமீட்டர் கம்பங்களை வைத்தே விவரம் சொல்கிறார்கள். கம்பத்தில் எண்ணைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால், இப்போது எந்த ஆற்றைத் தாண்டுகிறோம், எந்த ஊர் வருகிறது, அங்கே வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்று இருக்கும். கையேட்டில் எது நிலைக்கும், எது நாள்பட்டுப்போகும் என்பதையும் அந்தப் பாதையே காட்டிக்கொடுத்தது. ரஷ்ய ஸ்டேஷன்களில் எந்த ஊராக இருந்தாலும் மாஸ்கோ நேரம்தான் காட்டுவார்கள். பயணிகள் குழம்பாமல் இருக்கக் கையேடுகள் பக்கம் பக்கமாக விளக்கம் சொல்லின. 2018 ஆகஸ்டில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினார்கள். விளக்கம் அத்தனையும் வீண். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும், வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாமல் போயின. பணம் எடுப்பது பற்றிய பக்கங்களும் போயின. பைக்கால் ஏரி மட்டும் அச்சடித்த இடத்திலேயே இருக்கிறது.

நம்முடைய இந்தப் பாதைக்கு அப்படியொரு புத்தகம் இல்லை. தமிழில் நமக்கு இருப்பவை பெரும்பாலும் கோயில் கைடுகள். தலம், மூர்த்தி, தீர்த்தம், தல விருட்சம் என்று ஒரு கட்டு உண்டு. குவாஹாட்டி காமாக்யாவுக்குப் போகிறவருக்கு அது போதும். நீங்கள் தேடுவது அது இல்லை. ஏ.கே. செட்டியார் போன்ற பயணக்காரர்கள் எழுதியவை படிக்க இனிப்பானவை, கையில் வைத்துக்கொண்டு வழி பார்க்க எழுதப்பட்டவை இல்லை.

ஆகவே இருப்பதில் ஏதாவது ஒன்றைத்தான் வாங்கவேண்டும். வாங்கும்போது புத்தகத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உள்பக்கத்தில் அச்சிட்ட ஆண்டை நம்பவேண்டாம். புது அட்டை போட்டுப் பழைய சரக்கை விற்பது எல்லா மொழியிலும் உண்டு. சொல்லடைவில் கரக்பூர் என்று தேடுங்கள். உலகின் மிக நீளமான ரயில் நடைமேடை இங்கேதான் என்று எழுதியிருந்தால், அந்தத் தகவல் 2013க்கு முந்தியது. கோரக்பூர்தான் நீளம் என்றிருந்தால் 2023க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் ஹூப்ளியின் 1,507 மீட்டர் நடைமேடை முதலிடத்துக்கு வந்தது. அடுத்து நாகாலாந்தின் திமாப்பூரைப் பாருங்கள். உங்கள் வண்டி அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அங்கே இறங்கிச் சுற்ற அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று புத்தகம் சொன்னால், 2019 டிசம்பருக்குப் பிறகு அதை யாரும் திருத்தவில்லை என்று அர்த்தம். இப்போது வெளிமாநிலத்தவர் திமாப்பூரில் இறங்கவும் உள்நுழைவு அனுமதி வாங்கவேண்டும். நடைமேடைத் தகவல் தவறாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இது தவறாக இருந்தால் சங்கடம். கடைசியாக வண்டி எண். உங்கள் வண்டி 22503. பழைய 15905 அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்துக் கால அட்டவணையைத் திரும்பிப் பார்க்கவேண்டாம்.

சொல்லப்போனால் எந்தப் புத்தகத்திலும் கால அட்டவணையைப் பார்க்கவேண்டாம். நேரம், கட்டணம், லாட்ஜ், சாப்பாட்டுக் கடை எல்லாவற்றையும் செல்போனிடம் ஒப்படைத்துவிடுங்கள். வண்டி எங்கே வருகிறது என்பதை ‘வேர் ஈஸ் மை டிரெயின்’ செயலி சொல்லிவிடும்; டேட்டா இல்லாவிட்டாலும் செல்போன் கோபுரங்களை வைத்தே ஓரளவு காட்டும். நமக்குப் புத்தகம் வேண்டியது, செல்போன் சொல்லாததைச் சொல்வதற்கு. வெளியே தெரிவது என்ன, அது ஏன் அங்கே இருக்கிறது, அதைப் பார்க்க எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காரவேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத புத்தகம் எவ்வளவு வழவழப்பான தாளில் இருந்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்கவேண்டாம். ஒடிசாவில் பிரம்மபூர் தாண்டியபிறகு சிலிகா ஏரியோரமாகவே வண்டி வெகுதூரம் போகும். கடல் நீர் கலந்த உப்பங்கழி. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து குவியும் இடம். 1981இல் இந்தியாவின் முதல் ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. வடக்கே போகும்போது அது உங்களுக்கு வலப்பக்கம். இடப்பக்கத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள். சைடு லோயரில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு மலையைப் பார்த்தவர், எதிர்ப்பக்கத்தில் ஏரி போய்க்கொண்டிருந்தது தெரியாமலே குர்தா ரோடு வந்து சேர்வார். நல்ல கைடு என்றால் பிரம்மபூருக்கு முன்பே உங்களைத் தட்டி எழுப்பி இடம் மாற்றியிருக்கவேண்டும்.

வங்காளத்தில் ஃபராக்கா வரும். கங்கையின் குறுக்கே 109 மதகுகள் கொண்ட நீண்ட அணை. அதன் மேலேயே வண்டி ஊர்ந்து போகும். இந்தப் பாலம் 1970களில் வருவதற்கு முன் கங்கைக்குத் தெற்கே வண்டியை விட்டு இறங்கி, சகரிகலி படித்துறையிலிருந்து மணிஹாரி படித்துறைக்கு ஸ்டீமரில் போய், அக்கரையில் வேறு வண்டி பிடித்தார்கள். மூட்டை முடிச்சு, குழந்தை குட்டி, கூலிக்காரர்களின் கூச்சல் எல்லாம் படகில் ஏறி இறங்கவேண்டும். அதற்கு அப்பால் நியூ ஜல்பாய்குரி பக்கம் போகும்போது, வண்டி ஏன் இப்படி ஒரு கழுத்துப் பகுதிக்குள் நுழைந்து வளைகிறது என்று வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தோன்றும். பிரிவினைக்கு முன் கல்கத்தாவிலிருந்து அசாமுக்குப் போன பாதை கிழக்கு வங்காளம் வழியாகப் போனது. 1947இல் அது ஒரே இரவில் வெளிநாடாகிவிட்டது. அசாம் தனித்து நின்றது. நேபாளத்துக்கும் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் நடுவே மிகக் குறுகலான இடத்தில் சுமார் 20 கிலோமீட்டரே அகலமுள்ள அந்த நிலத்துண்டு வழியாக, காட்டையும் மலையாறுகளையும் கடந்து அவசர அவசரமாகப் பாதை போட்டு, 1950 ஜனவரியில் பயணிகள் வண்டி விட்டார்கள். நீங்கள் போகப்போவது அந்த இணைப்பின் வாரிசுப் பாதையில். சரித்திர ஆசிரியர்கள் உங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். இந்த இடத்தில் அவர்களைத் தூங்கவிடாதீர்கள்.

பிரம்மபுத்திராவுக்கு வருவோம். “எப்போது சார் பிரம்மபுத்திரா?” என்று எல்லோரும் கேட்கப்போகிற கேள்வி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போங்கைகாவ்ன் தாண்டியதும் குவாஹாட்டிக்கு இரண்டு வழி பிரிகிறது. ரங்கியா வழியாகப் போனால் குவாஹாட்டி வாசலிலேயே சராய்காட் பாலத்தில் ஆற்றைக் கடக்கலாம். 1962இல் கட்டி முடித்த பாலம். பிரம்மபுத்திராவின் மேல் இந்தியா கட்டிய முதல் பாலம் அதுதான். கோல்பாரா வழியாகப் போனால் அதற்கு வெகு முன்பே, ஜோகிகோபா பக்கத்தில் 1998இல் திறந்த நரநாராயண் சேதுவில் கடந்துவிடுவீர்கள். இரண்டிலும் கீழ்த்தட்டில் ரயில், மேல்தட்டில் சாலை. வண்டிகளை வழி மாற்றி விடுவதும் நடக்கும். எனவே ‘குவாஹாட்டிக்கு முன் பிரம்மபுத்திரா’ என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் கைடை நம்பி கேமராவோடு காத்திருந்தால் ஏமாறலாம். இரண்டு வழியையும் சொல்லும் புத்தகமே உருப்படியான புத்தகம்.

அசாமுக்குள் போனதும் கடிகாரம் வேறு குழப்பும். இந்தியா முழுக்க ஒரே நேரம்தான், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. திப்ருகரில் டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்து ‘பாகான் டைம்’ என்று தனி நேரம் வைத்திருக்கிறார்கள். கடைசி நாள் மாலையில் தேயிலைத் தோட்டம் பார்க்கலாம் என்று நம்மூர்க் கணக்கில் நினைத்திருந்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

ஜன்னலில் பார்ப்பதைப் புத்தகத்தோடு எப்படிப் பொருத்துவது? ரஷ்யக் கம்பங்கள் மாதிரி நமக்கும் உண்டு, யாரும் கவனிப்பதில்லை. மின்பாதையில் கம்பி தாங்கும் தூண்களைப் பாருங்கள். சின்னத் தகட்டில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பது கிலோமீட்டர், கீழே இருப்பது அந்தக் கிலோமீட்டருக்குள் அது எத்தனையாவது தூண் என்பது. கணக்கு ஆசிரியர்கள் இதை வைத்து வண்டியின் வேகத்தையே சொல்லிவிடலாம். ஆனால் கிலோமீட்டர் எண்ணிக்கை வழி நெடுக ஒரே சீராக ஏறாது. ஒவ்வொரு பாதைக்கும் தொடங்கும் இடம் வேறு, அதனால் சில சந்திப்புகளில் எண் திடீரென்று மாறும். ஸ்டேஷன்களின் மஞ்சள் பலகையையும் விடாதீர்கள். தமிழ், மலையாளம், மறுபடி தமிழ், தெலுங்கு, ஒடியா, வங்காளி, அசாமி என்று எழுத்து மாறிக்கொண்டே வரும். கீழே கடல் மட்டத்திலிருந்து உயரமும் இருக்கும். பூகோளம் எடுத்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கையில் பிடித்துப் பார்க்கும் விஷயம் ஒன்றிரண்டு. மேல் பெர்த்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கையால் தூக்கிப் பிடிக்க முடியாத புத்தகம் ரயிலுக்கு ஆகாது. ஸ்லீப்பர் பெட்டி விளக்கில் எட்டுப் புள்ளி எழுத்தை வாசிக்க நம் வயதுக் கண்ணுக்குத் தெம்பில்லை. விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஒட்டுக் கட்டும் வேண்டாம், தைத்த கட்டுதான் நல்லது.

எந்தக் கைடும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விவேகானந்தரின் 150ஆம் பிறந்தநாளையொட்டி 2011இல் இந்த வண்டியை விட்டார்கள். இன்றைக்கு இது முக்கியமாக யாருடைய வண்டி என்றால், அசாமிலும் வங்காளத்திலும் ஒடிசாவிலும் இருந்து கேரளத்துக்கும் கோவை, திருப்பூர் பக்கத்துக்கும் வேலைக்கு வந்து போகிறவர்களின் வண்டி. பொதுப் பெட்டியில் கழிவறை வாசல் வரை உட்கார்ந்து வருகிறவர்கள் அவர்கள். வழிகாட்டி நூல் எழுதுகிறவர்கள் அவர்களை ‘கூட்டம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, ஏ.சி. பெட்டியில் போங்கள் என்று அறிவுரை சொல்வார்கள். பக்கத்தில் கோக்ராஜார் பையன் ஒருவன் உட்கார்ந்தால் அவனிடம் கேளுங்கள். வண்டி ரங்கியா வழியா கோல்பாரா வழியா என்பதை அவன் புத்தகம் பார்க்காமல் சொல்வான். உங்களைவிட நல்ல தமிழோ மலையாளமோ பேசினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

சரி, என்னதான் வாங்குவது? குண்டுப் புத்தகம் ஒரே ஒரு பிரதி, அதுவும் மேலே சொன்ன சோதனைகளில் தேறினால். அதில் வழியில் வரும் மாநிலங்களின் பக்கங்களை மட்டும் நகல் எடுத்து வண்டி போகும் வரிசையில் அடுக்குங்கள். புத்தகத்தைக் கிழிக்கவும் செய்யலாம், ஆனால் நூலகத்தில் வேலை பார்த்தவன் வாயால் அதைச் சொல்லக்கூடாது. கூடவே நல்ல ரயில்வே வரைபடம் ஒன்று, செல்போன் வரைபடம் உதவாத இடத்தில் மடித்துப் பார்க்க. மீதி உங்கள் வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பாதி பாதியாகப் பிரித்து, இடப்பக்கத்துப் பக்கங்களில் இடப்பக்க ஜன்னல், வலப்பக்கத்துப் பக்கங்களில் வலப்பக்க ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரளம் முழுக்க இரவில் போகும் என்பதால் அதற்கு ஒரு பக்கம் போதும். பாலக்காட்டுக் கணவாயை மட்டும் காற்றை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள். ராஜமுந்திரி கோதாவரிக்கு ஒருவர், சிலிகாவுக்கு ஒருவர், ஃபராக்காவுக்கு ஒருவர் என்று பங்கு போட்டுக்கொண்டு படித்து எழுதுங்கள். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தீர்கள், இப்போது நீங்கள் எழுதுங்கள்.

ஒரே ஒரு அவசர விஷயம். டிக்கெட் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாள். உங்கள் கையில் இருக்கும் எந்த அச்சுப் புத்தகமும் அநேகமாகப் பழைய கணக்கையே சொல்லும். எனவே காலண்டரில் நாளைக் குறித்துக்கொண்டு, அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே கீழ் பெர்த்துகளுக்கு முந்துங்கள். புத்தகக் கடைக்கு அன்று சாயங்காலம் போனால் போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய நூலகர்